பைடி என்ற கிடேரியும் லிங்கனின் அம்மாவும்: பெற்றோர் யாரென்று தெரியாத முன்னோரைத் தேடுவது எப்படி?

1793 ஜனவரி 8. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம், நெல்சன் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) ஜோசப் ஹாங்க்ஸ் என்ற குடியானவர் உயில் எழுதுகிறார். மகன்கள் ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு குதிரை, மகள்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு கிடேரி. வெறுமனே 'ஒரு மாடு' என்று எழுதவில்லை, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார். தாமஸுக்கு மேஜர் என்ற குதிரை. எலிசபெத்துக்கு ஜென்டில் என்ற கிடேரி, பாலிக்கு லேடி. கடைசியாக, நான்சிக்கு பைடி என்ற ஒரு வயதுக் கன்று.

அந்தப் பைடியைப் பெற்ற நான்சி யார் என்று நூறு வருடத்துக்கும் மேலாகச் சண்டை நடந்தது. ஆபிரகாம் லிங்கனின் அம்மா பெயரும் நான்சி ஹாங்க்ஸ்தான் என்பதே காரணம். இவர் பிறந்தது 1784 வாக்கில். யார் வயிற்றில், எந்த ஊரில், பெற்றவர்கள் மணமானவர்களா என்று எதற்குமே நேரடிப் பதிவு கிடையாது. அமெரிக்க அதிபர் ஒருவரின் அம்மாவுக்கே இந்த நிலை என்றால், அதே காட்டோரக் குடியிருப்புகளில் வாழ்ந்த மற்றவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வம்சாவளி தேடும் யாருக்கும் ஒரு கட்டத்தில் கயிறு அறுந்துவிடும். தாத்தாவின் தாத்தா வரை வந்திருப்போம், அதற்கு மேல் இரண்டு மூன்று ஜோடிப் பெற்றோர்களைச் சொல்வார்கள், ஒவ்வொரு கிளையும் ஒவ்வொன்றைச் சத்தியம் செய்யும். அந்தச் சிக்கலை எப்படிப் பிரித்தெடுப்பது என்று புரிந்துகொள்ள, நான்சி ஹாங்க்ஸின் கதையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஏமாற்றும் பெயர், கை மாறிய நினைவு, அவமானம், நீதிமன்றத் தாள், டி.என்.ஏ. என்று எல்லாமே இதில் இருக்கிறது.

பதிவு ஏன் இல்லை?

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டிஷ் காலனியாக இருந்த வர்ஜீனியாவின் கிழக்குக் கரையோரம் பழைய குடியிருப்பு. அங்கே இங்கிலாந்துத் திருச்சபையின் கோயில் வட்டங்கள் இருந்தன, பிறப்பையும் திருமணத்தையும் ஏட்டில் எழுதி வைத்தார்கள். ஹாங்க்ஸ் குடும்பம் அந்தப் பக்கத்திலிருந்துதான் கிளம்பியது. 1780களின் தொடக்கத்தில் மேற்கே மலைப்பகுதியான ஹாம்ப்ஷயர் கவுண்டிக்குப் போனார்கள். 1784இல் பேட்டர்சன் ஓடையோரம் இருந்த 108 ஏக்கரை அடமானம் வைத்துவிட்டு, இன்னும் மேற்கே கென்டக்கிக்கு நகர்ந்தார்கள். நான்சி பிறந்ததும் ஏறக்குறைய அதே ஆண்டில்தான். குடும்பம் வண்டி கட்டிக்கொண்டு நகர்ந்த காலம் அது, பிறப்பை எழுதி வைக்கப் பக்கத்தில் ஏடும் இல்லை, பாதிரியாரும் இல்லை.

போய்ச் சேர்ந்த இடத்திலும் நிலைமை அப்படித்தான். கென்டக்கி 1792 வரை வர்ஜீனியாவின் ஒரு பகுதி. ஆள் பெருகப் பெருக ஒரு கவுண்டியை வெட்டி இன்னொன்றை உண்டாக்கிக்கொண்டே இருந்தார்கள். நெல்சனிலிருந்து 1792இல் வாஷிங்டன் கவுண்டி பிரிந்தது, அடுத்து ஹார்டின் பிரிந்தது. வீடு இருந்த இடத்திலேயே இருக்கும், அந்த வீட்டுக்காரரின் தாள்கள் மட்டும் இரண்டு மூன்று அலுவலகங்களில் சிதறிக் கிடக்கும். லிங்கனின் பெற்றோர் திருமணத்துக்கே பதிவில்லை என்று வெகுகாலம் பேசிக்கொண்டார்கள். அவர்கள் குடித்தனம் நடத்திய ஹார்டினில் தேடியதுதான் காரணம். 1806 ஜூன் 12 தேதியிட்ட பதிவு வாஷிங்டன் கவுண்டியில் பத்திரமாக இருந்தது.

மக்கள்தொகைக் கணக்கையும் பெரிதாக நம்ப முடியாது. கென்டக்கியின் 1790, 1800 கணக்குகள் இன்று இல்லை. 1840 வரை எடுத்த கணக்குகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான் இருக்கும், மற்றவர்கள் வயதுக் கட்டங்களில் வெறும் எண்கள். வீட்டில் இருந்த எல்லோரையும் பெயர் சொல்லி எழுதியது 1850இல்தான். அப்போதும் இவர் மகள், இவர் மருமகள் என்ற உறவை எழுதவில்லை. அது 1880இல்தான் வந்தது. ஆகவே 1784இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு 'இவர்தான் தாய்' என்று ஒரே தாளில் கிடைக்கும் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். துண்டு துண்டான தடயங்களைச் சேர்த்துத்தான் தாயைக் கண்டுபிடிக்க முடியும்.

ஒரு கேள்விக்குள் பல கேள்விகள்

புதிதாக வருபவர்கள் சறுக்கும் முதல் இடம் இது. 'நான்சியின் பெற்றோர் யார்?' என்று மொத்தமாகக் கேட்கிறோம். கிடைக்கிற ஒவ்வொரு தாளையும் அந்தப் பெரிய கேள்விக்கே விடையாக்கப் பார்க்கிறோம். ஒரு தாள் எப்போதும் ஒரு சின்னக் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். அதனால் முதல் வேலையாக, களத்தில் இருக்கும் கட்சிகளை எழுதிக்கொள்ளுங்கள். நான்சி விஷயத்தில் முக்கியமானவை மூன்று.

1899இல் வம்சாவளி ஆய்வாளர் கரோலின் ஹாங்க்ஸ் ஹிட்ச்காக் அந்த உயிலைக் கண்டெடுத்து, லிங்கனின் அம்மா ஜோசப் ஹாங்க்ஸின் கடைசி மகளேதான் என்றார். ஜோசப்பின் மனைவி ஷிப்லி குடும்பத்துப் பெண் என்பது அவர் கட்சி. இதன்படி எல்லோரும் முறையாக மணமானவர்கள், எந்தக் களங்கமும் இல்லை.

1920களில், லிங்கனின் வாழ்க்கையை எழுதிய வில்லியம் பார்ட்டன் வேறு விதமாகச் சொன்னார். ஜோசப்புக்கு லூசி என்றொரு மகள் இருந்தாள், திருமணம் ஆகாத நிலையில் லூசிக்குப் பிறந்தவள்தான் நான்சி. உயிலில் பைடியைப் பெற்ற நான்சி லூசியின் தங்கை. அதாவது லிங்கனின் அம்மாவுக்குச் சித்தி.

அதே காலத்தில் இன்னொரு லிங்கன் ஆய்வாளர் லூயிஸ் வாரன் மூன்றாவது வழியைக் காட்டினார். லூசி ஹாங்க்ஸ் பிறப்பால் ஹாங்க்ஸ் அல்ல. அவள் லூசி ஷிப்லி, ஜேம்ஸ் ஹாங்க்ஸ் என்பவரை மணந்து விதவையானவள், நான்சி அவர்களுக்கு முறையாகப் பிறந்த மகள்.

இப்போது கேள்வியை உடைத்துப் பாருங்கள். நான்சியைப் பெற்றவள் லூசி என்ற பெண்தானா? அந்த லூசி பிறப்பால் ஹாங்க்ஸா, ஷிப்லியா? நான்சி பிறந்தபோது லூசி மணமானவளா? தந்தை யார்? இவை நான்கும் தனித்தனிக் கேள்விகள். முதல் கேள்வியில் பார்ட்டனும் வாரனும் ஒன்றாகவே நிற்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இருவர் சொல்லும் தாயும் பின்னால் ஹென்றி ஸ்பாரோவை மணந்த லூசிதான். சண்டை இரண்டாவது கேள்வியில்தான் தொடங்குகிறது. எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே பிரிகிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டாலே பாதி பாரம் இறங்கிவிடும். பின்னால் டி.என்.ஏ. வந்தபோது பயன்பட்டதும் இதுதான்.

ஒரே பெயர், இரண்டு பெண்கள்

நம் பக்கத்தில் பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்போம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. அந்தக் காலத்து வர்ஜீனியாவிலும் ஒரு வம்சத்துக்குள் ஐந்தாறு பெயர்களே திரும்பத் திரும்பச் சுற்றும். ஹாங்க்ஸ் குடும்பத்தில் சித்தியும் நான்சி, அக்காள் மகளும் நான்சி. இருவருக்கும் சில வயதுதான் வித்தியாசம்.

இதனால் விளைந்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. சித்தி நான்சிக்கு 1799இல், லீவை ஹாலை மணப்பதற்கு முன்பே, டென்னிஸ் ஹாங்க்ஸ் என்ற மகன் பிறந்தான். 'நான்சி ஹாங்க்ஸுக்குக் கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்தது' என்று யாராவது சொல்லியிருந்தால் அது உண்மைதான், ஆனால் வேறு நான்சியைப் பற்றிய உண்மை. லிங்கனின் பிறப்பைப் பற்றிக் கிளம்பிய வதந்திகளில் சிலவாவது இந்தப் பெயர்க் குழப்பத்தில் முளைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

செல்லப் பெயர்களும் கவிழ்த்துவிடும். உயிலில் ஜோசப் தன் மனைவியை நானி என்று குறிப்பிடுகிறார். ஆன் என்ற பெயரைச் செல்லமாக நானி என்பார்கள், நான்சி என்பதே ஆன் என்ற பெயரின் செல்ல வடிவமாகத்தான் தொடங்கியது. பாலி என்றால் மேரி, சாலி என்றால் சாரா. இது தெரியாமல் தேடினால் ஒரே ஆளை இரண்டு பேராக்கிவிடுவோம், இல்லையென்றால் இரண்டு பேரை ஒருவராக்கிவிடுவோம். ஜோசப்பின் மனைவி ஆன் லீ என்பது பின்னால் நிலைபெற்றது. ஹிட்ச்காக்கின் கட்டடத்தில் முதலில் பெயர்ந்த செங்கல் அதுதான்.

உயிலுக்கே திரும்புவோம். அதில் லூசியின் பெயரே இல்லை. 'உயிலில் இல்லை, ஆகவே மகளே இல்லை' என்று வாரன் பக்கத்தினர் வாதாடினார்கள். பார்க்க வலுவான வாதம். ஆனால் உயில் என்பது பிள்ளைகளின் பட்டியல் அல்ல, சொத்துப் பங்கீடு. மணமாகிப் போனபோதே பங்கு வாங்கிக்கொண்ட மகளை எழுதாமல் விடுவது அந்தக் காலத்தில் சாதாரணம், தகப்பனோடு மனத்தாங்கல் என்றாலும் விட்டிருப்பார்கள். இல்லாத பெயர் நம்மை யோசிக்க வைக்கலாம், அதை வைத்து எதையும் முடித்துவிடக் கூடாது. அந்தப் பெயர் அங்கே இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இருந்ததா என்று கேளுங்கள். கட்டாயம் இருந்து, இல்லாமல் போனால்தான் அது தடயம்.

சொன்னது யார், எப்போது, அவருக்கு எப்படித் தெரியும்?

மணமாகாத தாய் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? லிங்கனிடமிருந்தே. அவருடைய வக்கீல் கூட்டாளி வில்லியம் ஹெர்ன்டன் சொன்னது இது: 1850 வாக்கில் இருவரும் ஒரு வழக்குக்காக மெனார்ட் கவுண்டிக்கு குதிரை வண்டியில் போய்க்கொண்டிருந்தார்கள். பெற்றோரின் குணம் பிள்ளைகளுக்கு வருமா என்பதைத் தொட்டு வந்த வழக்கு. வழியில் லிங்கன், தன் அம்மா நான்சி, லூசி ஹாங்க்ஸுக்கும் வர்ஜீனியாவின் வசதியான தோட்ட முதலாளி ஒருவருக்கும் முறை தவறிப் பிறந்தவர் என்று சொன்னாராம்.

இதை எப்படி எடைபோடுவது? ஹெர்ன்டன் இதை விரிவாக எழுதியது 1870இல், கேட்டு இருபது வருடம் கழித்து; புத்தகத்தில் அச்சானது 1889இல். இருபது வருடத்தில் நினைவு வளையும். லிங்கனுக்கே இது நேரில் தெரிந்த விஷயம் அல்ல, தான் பிறப்பதற்கு 25 வருடம் முன் நடந்ததை யாரோ சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். அம்மா இறந்தபோது அவருக்கு வயது ஒன்பது. இவையெல்லாம் சாட்சியத்தின் பலவீனங்கள்.

ஆனால் ஒரு பெரிய பலமும் இருக்கிறது. தனக்குப் பெருமை சேர்க்காத ஒன்றை ஒருவர் வலிய ஒப்புக்கொள்ளும்போது அதற்குத் தனி எடை உண்டு. 1859இல் தன் வாழ்க்கைக் குறிப்பை எழுதும்போதும், பெற்றோர் இருவரும் சிறப்பேதும் இல்லாத குடும்பத்தினர், இரண்டாந்தரக் குடும்பங்கள் என்றே சொல்லலாம் என்று எழுதிவிட்டு, அம்மாவின் குடும்பப் பெயர் ஹாங்க்ஸ் என்பதோடு நகர்ந்துவிடுகிறார்.

இதற்கு நேர் எதிர், சித்தி மகன் டென்னிஸ் ஹாங்க்ஸ். ஹெர்ன்டன் விசாரித்தபோது, நான்சியை ஹாங்க்ஸ் என்று சொல்லாதீர்கள், அவள் ஸ்பாரோ என்று அடித்துச் சொன்னார். ஹென்றி ஸ்பாரோவை லூசியின் கணவராக மட்டும் இல்லாமல் நான்சியின் தந்தையாகவும் ஆக்கிவிட்டால் பழிச்சொல் போய்விடும் அல்லவா. டென்னிஸ் நான்சியோடு ஒரே வீட்டில் வளர்ந்தவர், அவரைவிட நெருங்கிய சாட்சி கிடையாது. அவரும் மணத்துக்கு வெளியே பிறந்தவர்தான். நெருங்கியிருந்தவருக்கு மறைக்கக் காரணமும் நெருங்கியே இருக்கும். அவரைப் பொய்யர் என்று தள்ள எனக்கு மனமில்லை. செத்துப்போன அக்காளின் மானத்தைக் காக்க நினைத்த கிழவர் அவர். ஆனாலும் ஆய்வு செய்பவர் அந்தக் காரணத்தை ஓரத்தில் குறித்துக்கொண்டே தீர வேண்டும்.

டென்னிஸ் சொன்னதில் ஓர் உண்மையும் ஒளிந்திருந்தது. லூசியின் தங்கை எலிசபெத், ஹென்றியின் தம்பி தாமஸ் ஸ்பாரோவை மணந்தவள். அக்காளும் தங்கையும் ஒரே வீட்டு மருமகள்கள். அந்த எலிசபெத்தும் தாமஸும்தான் நான்சியைத் தங்கள் பெண்ணாக வளர்த்தார்கள், டென்னிஸையும் வளர்த்தார்கள். வளர்த்தவர் பெயரால் நான்சியை ஸ்பாரோ என்று ஊர் அழைத்ததில் ஆச்சரியம் இல்லை. பின்னால் தாமஸும் எலிசபெத்தும் நான்சி இருந்த இந்தியானாவுக்கே வந்து சேர்ந்தார்கள். 1818இல் பால் நோய் வந்து, ஒரு விஷச் செடியை மேய்ந்த மாடுகளின் பாலைக் குடித்து, முதலில் அவர்கள் போனார்கள், சில வாரங்களில் அக்டோபர் 5 அன்று நான்சியும் போய்விட்டார். வளர்த்தவர்களும் வளர்ந்தவளும் ஒரே மேட்டில் புதைக்கப்பட்டார்கள். பழைய தாள்களில் தாய், தந்தை என்று வரும் இடத்திலெல்லாம், பெற்றவரா வளர்த்தவரா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

குடும்ப பைபிளில் பிறந்த தேதி எழுதியிருந்தால் பலரும் அதை வேதவாக்காகவே எடுத்துக்கொள்கிறார்கள். லிங்கன் குடும்பத்துக்கும் அப்படி ஒன்று உண்டு. ஆனால் நான்சி 1784 பிப்ரவரி 5இல் பிறந்தார் என்று அதில் எழுதியது லிங்கன்தான், தந்தை இறந்த 1851ஆம் ஆண்டு வாக்கில். இப்படி ஒரு பக்கம் கையில் கிடைத்தால் மையைப் பாருங்கள், கையெழுத்தைப் பாருங்கள். நாற்பது ஐம்பது வருடத்து நிகழ்ச்சிகள் எல்லாம் ஒரே மை, ஒரே கை, ஒரே சாய்வு என்றால் அவை ஒரே நாளில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதியவை. பைபிள் அச்சான வருடத்தையும் முதல் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். அச்சாகும் முன்பே நடந்த பிறப்பை அதில் அன்றைக்கே எழுதியிருக்க முடியாது.

நீதிமன்றத் தாள் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

பார்ட்டனுக்கு மெர்சர் கவுண்டியில் ஒரு தாள் கிடைத்தது. 1789 நவம்பரில், வழக்குத் தொடுக்கலாமா என்று முடிவு செய்யும் பெரிய ஜூரி, லூசி ஹாங்க்ஸ் மீது கள்ள உறவுக் குற்றம் சாட்டியிருக்கிறது. மணமாகாத பெண்கள் மீது அந்தக் காலத்தில் இப்படி வழக்குப் போடுவார்கள். பார்த்ததும் 'கேஸ் முடிந்தது' என்றுதான் தோன்றும். நிதானமாகப் பார்த்தால், அப்போது நான்சிக்கு ஐந்து வயது. இந்தக் குற்றச்சாட்டு நான்சியின் பிறப்பைப் பற்றியதே அல்ல. 1789இல் லூசிக்குக் கணவன் இல்லை, அவள் பெயர் ஹாங்க்ஸ் என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. கன்னியாக இருந்தாலும் அந்தப் பெயர்தான், ஜேம்ஸ் ஹாங்க்ஸின் விதவையாக இருந்தாலும் அந்தப் பெயர்தான். இரண்டு கட்சியும் இந்தத் தாளை வைத்து வாழலாம்.

அடுத்த தாள் எனக்கு மிகவும் பிடித்தது. 1790 ஏப்ரல் 26 அன்று லூசி தன் கைப்பட எழுதிக்கொடுத்த சீட்டு: தனக்கு வயது நிறைந்துவிட்டது, ஹென்றி ஸ்பாரோ திருமண லைசென்ஸ் எடுக்கத் தனக்கு முழுச் சம்மதம். எழுத்துப் பிழைகள் உண்டு. ஆனாலும் அந்தக் காட்டோரத்தில், வழக்குத் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் தானே எழுதித் தானே கையெழுத்திட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் திருமணம் நடந்தது, வழக்கும் கைவிடப்பட்டது. வயது குறைந்த பெண்ணென்றால் தகப்பன் சம்மதம் எழுத வேண்டும், அதனால்தான் 'வயது நிறைந்தது' என்ற வரி. அன்றைய சட்டம் என்ன கேட்டது என்று தெரிந்தால், ஒரு வரி ஏன் அங்கே இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

அந்த அறிவு இல்லாமல் படித்தால் எப்படி வழி தவறும் என்பதற்கு 1806 திருமணப் பத்திரம் உதாரணம். திருமணத்துக்குத் தடை ஏதும் இல்லை என்று மாப்பிள்ளையும் இன்னொருவரும் 50 பவுண்டுக்குப் பிணை எழுதிக் கொடுக்கும் பத்திரம் அது. மாப்பிள்ளை தாமஸ் லிங்கனோடு கையெழுத்திட்டவர் ரிச்சர்ட் பெர்ரி, அவர் பெயரோடு கார்டியன், அதாவது காப்பாளர் என்று இருக்கிறது. பெர்ரி குடும்பத்தில் ஷிப்லி பெண் ஒருத்தி வாழ்க்கைப்பட்டிருந்தாள். 'பார்த்தீர்களா, ஷிப்லி உறவு இருந்ததால்தான் அவர்கள் நான்சிக்குக் கார்டியன்' என்றார்கள். நான்சிக்கு அப்போது 22 வயது, சட்டப்படி கார்டியனே தேவையில்லை. பெர்ரி வீட்டில் தங்கித் தையல் வேலை பார்த்த பெண்ணுக்கு அந்த வீட்டுக்காரர் முன்னின்று கையெழுத்திட்டார் என்றும் படிக்கலாம். ஒரு சொல்லை வைத்து உறவைக் கட்டினால் அது நிற்காது.

தேதிகளை வரிசையாக எழுதி வைப்பதும் பெரிய உதவி. லிங்கனின் உண்மையான தந்தை வட கரோலினாவின் ஆபிரகாம் என்லோ என்று ஒரு வதந்தி உண்டு. 1806 ஜூனில் கென்டக்கியில் திருமணம், 1807 பிப்ரவரியில் மகள் சாரா, 1808 டிசம்பரில் தாமஸ் லிங்கன் கென்டக்கியில் பண்ணை வாங்குகிறார், 1809 பிப்ரவரி 12இல் ஆபிரகாம் பிறக்கிறார். இந்த வரிசையைப் பக்கத்தில் வைத்தால் அந்த வதந்திக்கு நுழைய இடமே இல்லை.

டி.என்.ஏ. வந்த பிறகு

வம்சாவளிக்கு மூன்று வகைச் சோதனைகள். ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும், ஆண்வழி மட்டும். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும், ஆனால் மகள்கள் மட்டுமே அடுத்த தலைமுறைக்குக் கடத்துவார்கள். மூன்றாவது, இரு பக்கத்திலிருந்தும் வரும் பொதுவான டி.என்.ஏ. இது தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகும்: பெற்றோரிடமிருந்து 50 சதவீதம், பாட்டி தாத்தா ஒவ்வொருவரிடமிருந்தும் சராசரியாக 25. தூரத்து உறவுக்குப் போகப் போக மிச்சம் இருப்பதே அதிர்ஷ்டம். ஐந்து தலைமுறைக்கு முன் பிரிந்த இரண்டு கிளைக்காரர்களை எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய பாதி ஜோடிகளுக்குக் கண்டுபிடிக்கும் அளவு பொதுத் துண்டு எதுவுமே இருக்காது. அப்படிப் பொருந்தவில்லை என்பதால் உறவில்லை என்று ஆகாது.

நான்சிக்கு வருவோம். அவர் மகள் சாரா 1828இல் பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் பிழைக்கவில்லை. ஒரு மகன் கைக்குழந்தையாகவே போய்விட்டான். ஆபிரகாமின் கடைசி நேரடி வாரிசு 1985இல் இறந்தார். ஆக நான்சியின் வம்சத்தில் சோதிக்க இன்று யாருமே இல்லை. பலரும் இங்கே கைவிட்டிருப்பார்கள்.

இங்கேதான் கேள்வியை உடைத்து வைத்ததன் பயன் தெரிகிறது. சண்டை நான்சியைப் பற்றியது அல்ல, லூசி பிறப்பால் ஹாங்க்ஸா ஷிப்லியா என்பதைப் பற்றியது. லூசிக்கும் ஹென்றி ஸ்பாரோவுக்கும் பிறந்த மகள்கள் இருந்தார்கள், அவர்கள் வழியில் தாய், மகள், பேத்தி என்று அறுபடாமல் இன்று வரை வாரிசுகள் இருக்கிறார்கள். ஆன் லீயின் மற்ற மகள்கள் வழியிலும் இருக்கிறார்கள். லூசி ஆன் லீயின் மகளென்றால் இரண்டு கூட்டத்தின் மைட்டோகாண்ட்ரியாவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஷிப்லி என்றால் மாறியிருக்கும்.

2015இல் முடிவு வெளியானது. இரண்டும் ஒன்று. அதிலும் எக்ஸ்1சி என்ற மிக அரிய வகை. எல்லோரிடமும் காணப்படும் வகையாக இருந்திருந்தால் தற்செயல் என்று சொல்லியிருக்கலாம், இவ்வளவு அரிய வகை இரண்டு கிளையிலும் தற்செயலாக வந்திருக்க வாய்ப்பில்லை. லூசி, ஆன் லீக்கும் ஜோசப் ஹாங்க்ஸுக்கும் மகள். உயிலில் பெயர் விட்டுப்போன மகள். வாரனின் ஷிப்லி விதவைக் கட்சி அதோடு விழுந்தது.

இந்தச் சோதனை எதைச் சொல்லவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவால் அக்காளையும் தங்கையையும் பிரித்தறிய முடியாது, லூசியின் மகளுக்கும் எலிசபெத்தின் மகளுக்கும் ஒரே வகைதான் இருக்கும். நான்சி லூசியின் மகள் என்பது இன்றும் ஹெர்ன்டன் கேட்ட பேச்சின் மேலும் பழைய தாள்களின் மேலும்தான் நிற்கிறது. டி.என்.ஏ. ஒரு கண்ணியை மட்டும் இறுக்கியது. இன்னொரு அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெபர்சன் விஷயத்திலும் இதே கதை. 1998இல் ஒய் சோதனை, அவர் அடிமையாக வைத்திருந்த சாலி ஹெமிங்ஸின் மகன் ஈஸ்டனின் வாரிசிடம் ஜெபர்சன் குடும்பத்து ஒய் இருப்பதைக் காட்டியது. ஆனால் அதே ஒய் அவர் தம்பிக்கும் உண்டு. சாலியின் ஒவ்வொரு குழந்தையும் கருவான காலத்தில் ஜெபர்சன் தன் பண்ணை வீடான மான்டிசெல்லோவில் இருந்தார் என்ற தாள் கணக்குதான் மிச்ச வேலையைச் செய்தது.

நான்சியின் தந்தை? வர்ஜீனியாத் தோட்ட முதலாளி என்ற ஒரே ஒரு வாக்கியத்தைத் தவிர எதுவும் இல்லை. அந்த வாக்கியமும் லிங்கன் சொல்லி ஹெர்ன்டன் கேட்டது. பெயர் இல்லை, வம்சம் இல்லாததால் சோதிக்க வழியும் இல்லை. பலர் தங்களுக்குப் பிடித்த பெயர்களை அந்த இடத்தில் எழுதியிருக்கிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஒருவர் ஊகமாக எழுதியதை அடுத்தவர் ஆதாரமாக எடுப்பார், பத்து வருடத்தில் அது ஆயிரம் குடும்ப மரங்களில் 'உண்மை'யாகிவிடும்.

ரிஷிமூலம் நதிமூலம் பார்க்காதே என்று நம்மிடம் ஒரு பேச்சு உண்டு. மூலத்தில் களங்கம் இருந்துவிடுமோ என்ற பயம் அதில் இருக்கிறது. ஹிட்ச்காக்கையும் டென்னிஸையும் ஓடவைத்தது அதே பயம்தான். லூசியைப் பற்றி நாம் அறிவது என்ன? காட்டு வழியில் குழந்தையோடு வந்தாள், நீதிமன்றத்தில் பெயர் இழுபட்டது, தன் கையால் சம்மதம் எழுதி மணம் செய்துகொண்டாள், பிள்ளைகள் பெற்று வளர்த்தாள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் குடும்ப மரத்தில் இப்படி ஒருவர் வந்தால், நான்சிக்கு இன்று எழுதக்கூடியதைப் போலவே எழுதுங்கள். தாய்: லூசி ஹாங்க்ஸ், பின்னாளில் ஹென்றி ஸ்பாரோவின் மனைவி, ஆதாரம் லிங்கன் சொன்னதாக ஹெர்ன்டன் எழுதியது, மெர்சர் கவுண்டித் தாள்கள். தாயின் பெற்றோர்: ஜோசப் ஹாங்க்ஸ், ஆன் லீ, ஆதாரம் 2015 மைட்டோகாண்ட்ரியா ஒப்பீடு; உயிலில் லூசியின் பெயர் இல்லை. வளர்த்தவர்கள்: எலிசபெத், தாமஸ் ஸ்பாரோ. தந்தை: தெரியவில்லை.